எட்டுப் பேர், ஒரு மலையோடை: ட்ரவுட் பயணத்தை எங்கிருந்து தொடங்குவது?

பிப்ரவரி 4, வாசகர் கேள்வி

நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஃபிளை ஃபிஷிங் போகிறோம், அதாவது இறகும் நூலும் கட்டிய பூச்சிப் பொம்மையை (ஃபிளை) வீசி ட்ரவுட் மீன் பிடிக்க. மலையோடை, பனி உருகி வரும் தண்ணீர், மூவாயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டிய இடம். ஜூன் முதல் வாரம், நான்கு நாள், கூடாரத்தில் தங்கல். மூன்று பேருக்கு ஃபிளை ராட் (தூண்டில் கோல்) வீசிப் பழக்கம் உண்டு, மற்ற ஐந்து பேர் புதுசு. எந்த ராட் வாங்கலாம், எத்தனை ஃபிளை வேண்டும்? பட்டியல் கிடைத்தால் இப்போதே வாங்கிவிடுவோம்.

பிப்ரவரி 4

பட்டியல் இருக்கட்டும். ஓடை எவ்வளவு நீளம்? ஆளைச் சொன்னீர்கள், நாளைச் சொன்னீர்கள், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எட்டுப் பேர் போவதா நான்கு பேர் போவதா என்பதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் நட்பு வட்டம் இல்லை, அந்த ஓடை.

ட்ரவுட் நீரோட்டத்துக்கு எதிராக மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் மீன். அதனால் நாம் கீழிருந்து மேலே, அதன் முதுகுப் பக்கமாகப் போகிறோம். முன்னால் ஒருவர் ஒரு மடுவைக் கலக்கிவிட்டால் பின்னால் வருபவருக்கு அங்கே வேலை இல்லை. மிரண்ட மீன் கல்லடியில் போய் ஒண்டிக்கொண்டால் மறுபடி வெளியே வந்து இரை எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகும், சில நாள் அதற்கும் மேல். எட்டுப் பேர் ஒரே வரிசையில் போனால் முதல் இரண்டு பேர் மீன் பிடிப்பார்கள், மீதி ஆறு பேர் நடைப்பயிற்சி செய்வார்கள்.

என் கணக்கு இப்படி: இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒரு மடு உனக்கு, அடுத்தது எனக்கு என்று மாற்றி மாற்றிப் போக, ஒரு ஜோடிக்கு அரை நாளுக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஓடையாவது வேண்டும். நான்கு ஜோடிக்கு ஆறு கிலோமீட்டர். மதியத்துக்கு மேல் வேறு தண்ணீர். இதற்கு வழியில்லை என்றால் ஆளைக் குறையுங்கள், அல்லது ஏரியும் ஓடையும் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பாருங்கள். ஏரிக்கரையில் நான்கு பேர் இடைவெளி விட்டு நின்றால் யாருக்கும் தொல்லை இல்லை.

பிப்ரவரி 5

இன்னொன்று விட்டுப்போயிற்று. ஜூன் முதல் வாரம் என்று நாள் குறித்தவர் யார்? வடகோளத்தின் பனிமலைகளில் பெரும்பாலும் அதுதான் பனி மளமளவென்று உருகும் காலம். ஓடை பால்கலந்த சேற்று நிறத்தில், கரையை முட்டிக்கொண்டு ஓடும். மீன் அங்கேதான் இருக்கும், உங்கள் ஃபிளை அதன் கண்ணில் படாது. ஓடையில் இறங்கி நிற்கவும் முடியாது. வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்த பிறகு போங்கள். எந்த வாரம் என்பது அந்த வருடம் விழுந்த பனியைப் பொறுத்தது, நாள்காட்டியைப் பொறுத்ததில்லை. பல நாடுகளில் ஆறுகளின் நீரளவை அன்றாடம் இணையத்தில் போடுகிறார்கள். மூன்று நான்கு வருடத்து வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், கோடு எப்போது சரிகிறது என்று தெரியும்.

எட்டுப் பேருக்கும் விடுமுறை ஒத்துவரும் வாரமும் ஓடை தெளியும் வாரமும் ஒன்றாக அமைவது ஜாதகப் பொருத்தம் மாதிரி. பத்தில் ஏழு பொருந்தினால் முடித்துவிடுங்கள்.

பிப்ரவரி 5, இரவு

"அப்படியானால் நல்ல வெயில் காலமாகப் பார்த்துப் போய்விடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. ட்ரவுட்டுக்குச் சுகமான தண்ணீர் ஏறக்குறைய 10 முதல் 16 டிகிரி செல்சியஸ். 20-ஐத் தொட்டால் அதற்கு மூச்சு முட்டத் தொடங்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 20 டிகிரியில் 9 சொச்சம். மலை உயரத்தில் காற்றழுத்தமே குறைவு என்பதால் இதிலும் கழியும். ஆக்சிஜன் குறையும் அதே நேரத்தில் மீனுக்கு அதன் தேவை கூடுகிறது. அந்த நிலையில் அதைத் தூண்டிலில் போராடவிட்டு, பிறகு "விட்டுவிட்டேன்" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

அமெரிக்காவின் மொன்டானாவில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஆற்றின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை (ஏறக்குறைய 23 செல்சியஸ்) எட்டினால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை தூண்டில் போடத் தடை விதிக்கலாம். "ஆந்தை நேரம்" என்ற பொருளில் அதற்குச் செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஓடையில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு வெப்பமானி கொண்டுபோங்கள். ராட் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள் என்பேன், கேட்கத்தான் ஆளில்லை.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, ஓடை நான்கு கிலோமீட்டர்தான், மேலே ஒரு சிறு ஏரி இருக்கிறது என்கிறார். நல்லது. ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி ஓடைக்கு, மீதி நான்கு பேர் ஏரிக்கு. மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். யார் எங்கே என்பதை முதல் நாள் இரவே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிட வேண்டும். காலையில் எழுந்து பேசினால் குரல் உயர்ந்தவருக்குத்தான் நல்ல தண்ணீர் கிடைக்கும். ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு. எங்கள் குழுவில் அது யார் என்று இங்கே எழுதினால் அவர் படித்துவிடுவார்.

ஜோடி சேர்க்கும்போது பழகியவரோடு புதியவர் என்று வையுங்கள். ஆனால் உங்களிடம் மூன்றுக்கு ஐந்து. ஒரு ஜோடி இரண்டுமே புதுசாக இருக்கும். அவர்களை ஏரிக்கு அனுப்புங்கள். ஏரிக்கரையில் பின்பக்கம் திறந்தவெளி இருந்தால் கயிறு மரத்தில் மாட்டாது, காலுக்கடியில் ஓட்டம் இழுக்காது.

பிப்ரவரி 11

எல்லோரும் ராட் ராட் என்கிறீர்கள். சரி.

ஒன்பது அடி, 5 எண் ராட், நான்கு துண்டாகக் கழற்றக்கூடியது. புதியவர்களுக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். புதர் மூடிய குறுகிய ஓடை என்றால் ஏழு, ஏழரை அடியில் 3 எண் ராட் கைக்கு அடக்கமாக இருக்கும். எண் என்பது ராட் தாங்கும் கயிற்றின் எடை. ஃபிளை ஃபிஷிங்கில் நாம் வீசுவது ஃபிளையை அல்ல, கயிற்றை. இரும்புக் குண்டு கட்டிய தூண்டிலைப் போல இங்கே நுனியில் எடை இல்லை, இறகும் நூலும்தான். கயிற்றின் எடைதான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதனால் 5 எண் ராடுக்கு 5 எண் கயிறு. குழுவுக்குப் பொதுவாக ஓர் உபரி ராட். கார் கதவிலும் கூடார ஜிப்பிலும் மாட்டி ஒடியும் ராட்தான் அதிகம், மீன் இழுத்து ஒடிவது அபூர்வம்.

கயிற்று நுனியில் கட்டும் மெல்லிய தங்கூசி நரம்புக்கு ஒரு வாய்ப்பாடு: ஃபிளை முள்ளின் அளவு எண்ணை மூன்றால் வகுத்தால் சுமாராக எத்தனை எக்ஸ் (நரம்பின் தடிமனைச் சொல்லும் குறி) என்று வரும். 12-ஆம் எண் ஃபிளைக்கு 4 எக்ஸ், 16-க்கு 5 எக்ஸ். தடிமன் தெரிய வேண்டுமானால் 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழியுங்கள், வருவது அங்குலத்தின் ஆயிரத்தில் பங்கு. 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு, அதாவது 0.15 மில்லிமீட்டர்.

ஃபிளை? பாரசூட் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், பெசன்ட் டெயில் நிம்ஃப், ஹேர்ஸ் இயர், ஏரிக்கு வூலி பக்கர். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று அளவு. ஆடம்ஸ் 1922-இல் மிச்சிகனில் கட்டப்பட்டது. குறிப்பாக எந்தப் பூச்சியின் சாயலும் இல்லை, பொதுவாகப் பூச்சிச் சாயல் உண்டு. நூறு வருடமாக மீன் அதை நம்புகிறது. மலையோடை மீனுக்கு இரை குறைவு, கோடை சிறிது. அது உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யாது. ஐம்பது வகை கொண்டுபோகிறவர் ஓடையில் நிற்கிற நேரத்தைவிடப் பெட்டியைத் திறந்து பார்க்கிற நேரம் அதிகம்.

பிப்ரவரி 12

"ஏன் வீட்டிலேயே பயிற்சி எடுக்கக் கூடாது?" எடுக்கத்தான் வேண்டும். புல்தரை, ஃபிளைக்குப் பதில் ஒரு துணுக்குக் கம்பளி நூல், தினம் பதினைந்து நிமிடம். பத்து மீட்டர் நேராகப் போனால் போதும். மலையோடையில் அதற்கு மேல் தேவைப்படுவது அரிது. இருபது மீட்டர் வீசிக் காட்டுகிறவரைப் பார்த்துப் புதியவர்கள் பயப்பட வேண்டாம், அவருடைய ஃபிளைதான் முதலில் மரத்தில் தொங்கும்.

பிப்ரவரி 20

தங்கிச் சாப்பிடுவது பற்றி நிறையப் பேர் எழுதுகிறீர்கள், ஆற்றைக் கடப்பது பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் இதில் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன்.

பனி பகலில் உருகுகிறது. அந்தத் தண்ணீர் நீங்கள் இருக்கும் இடத்துக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். அதனால் பனியாற்றில் அதிகாலையில் தண்ணீர் குறைவு, பிற்பகலிலிருந்து ஏறும், தொலைவைப் பொறுத்து மாலையிலோ இரவிலோ உச்சம். காலையில் முழங்காலளவில் கடந்த இடம் திரும்பும்போது தொடையளவு இருக்கும். எங்கள் குழு ஒருமுறை அக்கரையில் மாட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே மேலேறி, ஓடை இரண்டாகப் பிரியும் இடம் தேடிக் கடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு ஒருவர்கூட மீன் பற்றிப் பேசவில்லை. அதிலிருந்து, கூடாரம் எந்தக் கரையோ அந்தக் கரையில்தான் மதியத்துக்கு மேல் தூண்டில் என்று வைத்துக்கொண்டோம். காலையில் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்தால் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும்.

கடக்கும்போது: ஊன்றுகோல் கட்டாயம். அகலமான இடம்தான் ஆழம் குறைந்த இடம், குறுகலைப் பார்த்து ஏமாறாதீர்கள். கீழே அருவியோ விழுந்த மரமோ இருந்தால் அங்கே கடக்காதீர்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், நெஞ்சுவரை வரும் நீர்க்காப்புக் காற்சட்டை போட்டிருந்தால் அதன் மேல் இடுப்பில் பட்டையை இறுக்குங்கள். இரண்டும் வேறு வேறு பட்டை, குழப்பிக்கொள்ள வேண்டாம். பை நம்மை அமுக்கக் கூடாது, காற்சட்டைக்குள் தண்ணீர் புகக் கூடாது. விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் ஓட்டம் போகும் திசையில், பாதம் நீர்மட்டத்துக்கு மேலே. ஓட்டத்தின் நடுவில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் பாறை இடுக்கில் சிக்கும், பின்னால் வரும் தண்ணீர் ஆளைக் குப்புற மடக்கும். முழங்காலளவுத் தண்ணீரிலும் இது நடக்கும். ராடை விட்டுவிடுங்கள்.

இடி கேட்டாலும் அப்படியே. ராட் பெரும்பாலும் கிராஃபைட், அது மின்சாரம் கடத்தும், கையில் ஒன்பது அடிக் கம்பி பிடித்த மாதிரி. கீழே போட்டுவிட்டு ஓடையை விட்டு விலகுங்கள்.

பிப்ரவரி 21

மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் குழுவில் இரண்டு பேர் பின்வாங்கிவிட்டார்களாம். ஆறு பேர். ஓடைக்குச் சந்தோஷம்.

மார்ச் 2

"பிடித்ததைச் சமைக்காமல் திரும்ப விட எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்?" நியாயமான கேள்வி, எரிச்சலோடு கேட்டிருந்தாலும். எனக்குச் சாப்பிடுவதில் விரோதம் இல்லை. அது என்ன மீன், எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பூர்வீகமான கட்த்ரோட் ட்ரவுட்டைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். வெளியிலிருந்து வந்த லேக் ட்ரவுட் 1994-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது, கட்த்ரோட்டைத் தின்று பெருமளவு குறைத்துவிட்டது. அதைப் பிடித்தால் உயிரோடு விடக் கூடாது. ஒரே ஏரி, ஒரே தூண்டில், இரண்டு விதி. போகிற இடத்தின் விதியைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். அனுமதிச் சீட்டும் பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று என்று கிடைக்காது.

விடுவதென்றால் ஒழுங்காக விடுங்கள். எதிர்முள் (முனையருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்) இல்லாத தூண்டில் முள், அல்லது இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கை நனைத்துத் தொடுங்கள், ரப்பர் வலை வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுப்பவர் முதலில் தயாராகட்டும், பிறகு மீனைத் தூக்குங்கள். 1992-இல் வெளியான ஃபெர்குசன், டஃப்ட்ஸ் ஆய்வில், களைக்கக் களைக்க விரட்டப்பட்ட ரெயின்போ ட்ரவுட்டில் 88 சதவீதம் பிழைத்தன. விரட்டியபின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62, ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28.

மார்ச் 3

நேற்றைய எண்களுக்கு ஓர் ஆட்சேபம் வந்திருக்கிறது, சரியான ஆட்சேபம்தான். அது ஆய்வகத் தொட்டியில், ரத்தம் எடுக்கக் குழாய் பொருத்திய மீன்களிடம் செய்தது. ஓடையில் அரை நிமிடத்தில் கரை சேரும் மீன் அவ்வளவு களைப்பதில்லை. பின்னாளில் குளிர்ந்த ஓடைகளிலேயே செய்த ஆய்வுகளில் அத்தனை சாவு தெரியவில்லை. ஆகவே 28 என்பதை மனப்பாடமாகச் சொல்லிப் பிறரைப் பயமுறுத்த வேண்டாம். என் பழக்கம் மாறப்போவதில்லை. மீனைத் தூக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், எனக்கு முட்டினால் அதைத் தண்ணீரில் விடுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் எப்படியும் இந்த விவாதத்துக்கு இடமில்லை, பிப்ரவரி 5 இரவு எழுதியதைப் பாருங்கள்.

மார்ச் 3, சற்றுப் பிறகு

முள் கையில் ஏறினால்: எதிர்முள் நசுக்கியிருந்தால் வந்த வழியே வந்துவிடும். இல்லாவிட்டால் முள்ளின் வளைவில் ஒரு தங்கூசிச் சுருக்குப் போட்டு, முள்ளின் தண்டைத் தோலோடு அமுக்கிக்கொண்டு, சட்டென்று பின்னோக்கி இழுக்க வேண்டும். கண் பக்கம் என்றால் கை வைக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ஆறு பேரும் கண்ணாடி, தொப்பி. கண்ணாடி போலரைஸ்டு என்றால் தண்ணீருக்குள் மீனும் தெரியும், வழுக்குக் கல்லும் தெரியும்.

மார்ச் 15

செருப்பு, சப்பாத்து விவகாரம். கம்பளி போன்ற ஃபெல்ட் அடிப்பாகம் பாசிக்கல்லில் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது காய நாளாகும், ஓர் ஓடையின் கிருமியையும் பாசியையும் அடுத்த ஓடைக்குச் சுமந்துபோகும். நியூசிலாந்தின் தென்தீவில் 2004-இல் டிடிமோ பாசி கண்டுபிடிக்கப்பட்டது, 2008-இல் தூண்டில்காரர்களுக்கு ஃபெல்ட் அடிப்பாகம் தடையாயிற்று. மொன்டானாவின் மேடிசன் ஆற்றில் 1994-இல் விர்லிங் நோய் உறுதியானபோது, சில பகுதிகளில் ரெயின்போ ட்ரவுட் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகச் சரிந்திருந்தது. குஞ்சு மீன் தன் வாலைத் துரத்துவது போலச் சுற்றிச் சுற்றி நீந்தும் நோய் அது.

குழுவாகப் போவதில் இது இன்னும் சிக்கல். ஆறு பேர் ஆறு இடத்திலிருந்து ஆறு சேற்றோடு வருவார்கள். கிளம்புமுன் எல்லாச் சப்பாத்தும் கழுவி, உலர்ந்து இருக்க வேண்டும். ரப்பர் அடிப்பாகத்தில் ஆணி பதித்த சப்பாத்தே போதும்.

ஏப்ரல் 6

நாள் மாற்றிவிட்டார்களாம், ஆகஸ்ட் கடைசி. நல்லது. காலையில் வெப்பமானி பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், மதியம் தண்ணீர் சூடேறினால் மேலே ஏறுங்கள், உயரப் போனால் குளிர்ந்த தண்ணீர். ஆனால் மூவாயிரத்தை ஒட்டித் தூங்குவதென்றால் வழியில் ஓர் இரவு கீழே தங்கிப் போங்கள். மூவாயிரத்துக்கு மேல் இரவுத் தங்கலை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமலிருப்பது மலையேறுபவர்களின் பொது விதி. தலைவலியோடு ஓடையில் நிற்பவரை ஜோடிக்காரர் தனியாக விடக் கூடாது. அதற்கும்தான் ஜோடி. திரும்பும் நேரம் ஒன்று வைத்து, அந்த நேரத்துக்கு வராவிட்டால் தேடிக் கிளம்புவோம் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரே ஒரு மடு" என்கிற ஆசாமி வந்தபிறகு திட்டிக்கொள்ளலாம்.

சரளைக்கல்லில் பளிச்சென்று கழுவிவிட்டது போல ஒரு திட்டு தெரிந்தால் மிதிக்காதீர்கள், முட்டையிட்ட இடம். பிரௌன் ட்ரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடும், ரெயின்போ வசந்தத்தில். ஆகஸ்டில் பெரும்பாலும் இரண்டுக்கும் தொல்லை இல்லை. தாமதமாகப் போகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஏப்ரல் 7

கடைசியாக வந்த கேள்வி: ஆறு பேரில் ஒருவர் இடக்கைக்காரர், அவரால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வருமா? வராது, அவர் ஒரு வரம். மேலோடையைப் பார்த்து நடக்கும்போது வலக்கைக்காரருக்கு இடப்பக்கக் கரை வசதி, ராட் தண்ணீர்ப் பக்கம் திறந்திருக்கும். வலப்பக்கக் கரையில் நின்றால் ஒவ்வொரு வீச்சும் புதரில் மாட்டும். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். வலக்கை ஒருவரையும் இடக்கை ஒருவரையும் ஜோடி சேர்த்தால் கரைக்கு ஒருவராக, எதிரெதிரே, ஒருவர் கயிற்றில் ஒருவர் சிக்காமல் போகலாம். சீட்டுக் குலுக்கும்போது எல்லோரும் அவர் பெயர் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள், பாருங்கள்.